கால்சட்டை வளையம்

பாறையில் மோதி உடைந்துகொண்டிருந்த கப்பலுக்குக் கரையிலிருந்து ராக்கெட்டில் கயிறு விட்டிருந்தார்கள். கால்சட்டை தைத்த மிதவை வளையம் அதில் தொங்கியபடி, தடவைக்கு ஒருவராகக் கரைக்குக் கொண்டுவரும். இழுப்பவர்களில் முன்னால் நின்றாள் பிலோமி; அவள் புருஷன் கஸ்பார் கப்பலில் இருந்தான். முதலில் வந்து இறங்கியவள் ஓர் இளம்பெண். உடம்பில் கஸ்பாரின் சட்டை. அதன் மேல்பொத்தான் பிலோமி தைத்தது.

“நீ யாருட்டி?”

“கப்பல்ல வந்தவ. குளிருதுன்னேன், சட்டையக் கழத்தித் தந்தாவ.”

பிலோமியின் கை கயிற்றை விட்டது. “மழையில எனக்கு ஒரு நாளு கொடை புடிச்சிருப்பாரா அந்த மனுசன்?”

“வளையத்தத் திருப்பி அனுப்புங்க மைனி, கப்பல் சாயுது” என்றாள் பக்கத்தில் நின்ற நாத்தனார் சலேத்து.

அனுப்பினார்கள். திரும்பக் கயிறு கனத்தபோது பிலோமி அதை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

“நல்லா இழுங்க. அந்த ஆளு உசுரோட வந்து சேரணும். எனக்குக் கேக்க வேண்டியிருக்கு.”