மவுத் ஆர்கன்காரர்

"கெளம்புங்க. அவரு வார நேரம்."

கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள் சுபலட்சுமி. தலையில் பூ, நெற்றியில் புதுப்பொட்டு, உடம்பில் தீபாவளிக்கு எடுத்த மாம்பழக் கலர் சேலை. சொந்த வீட்டை விட்டு ஒரு மனுஷனை வெளியே போகச் சொல்கிறோமே என்ற கூச்சம் அவள் குரலில் துளியும் இல்லை.

வெள்ளைத்துரை கையில் மாத்திரையும் தண்ணீர் டம்ளருமாக நின்றார். பேரன் பேத்தி எடுத்த வயசில் இப்படி ஒரு பொழுது விடியும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

"எம்புட்டு நேரமா நிக்கிறேன். இதப் போட்டுக்க."

"அவரு வந்து குடுக்கட்டும். போட்டுக்கிறேன்."

அவரு! அந்தச் சொல்லைக் கேட்டாலே வெள்ளைத்துரைக்கு நெஞ்செரிச்சல் வந்துவிடும். விளாங்குடியில் இந்த மாடி வீட்டுக்கு அந்த மவுத் ஆர்கன்காரர் வர ஆரம்பித்துக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகிறது. சாயங்காலம் தவறாமல் வருவார். வெள்ளைத்துரை வீட்டுக்குள் இருக்கும்போது மட்டும் வந்ததே கிடையாது. இவர் படியிறங்கிப் போன பிறகுதான் மணி அடிக்கும்.

வாசிப்பாவது பிரமாதமா என்றால் அதுவும் இல்லை. பாதிப் பாட்டில் மூச்சு வாங்கும். மேலே போனால் சுருதி பிசகும். அந்தக் குறையெல்லாம் வெள்ளைத்துரைக்கு அத்துபடி. ஆனால் அவர் வயிறெரிந்தது வாசிப்பை நினைத்து அல்ல.

மவுத் ஆர்கன் வாசிக்கிறவனுக்கு இரண்டு கையும் அதிலேயே இருக்க வேண்டும். அந்த மனுஷர் வேறு மாதிரி. வளைந்த கம்பிச் சட்டம் ஒன்றைக் கழுத்தில் மாட்டி, அதில் மவுத் ஆர்கனைச் செருகி, வாய்க்கு நேராகத் திருகி வைத்துக்கொள்வார். கை இரண்டும் சும்மா இருக்கும்.

சும்மா இருக்கும் அந்தக் கைகளைத்தான் சுபலட்சுமி பிடித்துக்கொள்வாள். பாட்டு முடிந்தாலும் விட மாட்டாள்.

வெள்ளைத்துரையின் விரல் தற்செயலாகப் பட்டால்கூட, சூடு பட்டவள் போல் வெடுக்கென்று இழுத்துக்கொள்வாள்.

இன்றைக்கு அவருக்குப் பொறுக்கவில்லை. டம்ளரை மேஜைமேல் வைத்தார்.

"அந்தாளுகிட்ட அப்படி என்னத்தக் கண்டுட்ட?"

"அவரு கையப் பிடிச்சிருந்தா பயமே இல்ல."

"நான் பிடிச்சா?"

சுபலட்சுமி முதல் முறையாகத் திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க எதுக்குப் பிடிக்கணும்?"

அவ்வளவுதான். அடக்கி வைத்திருந்தது அத்தனையும் வெளியே வந்துவிட்டது.

"அவரு இனி வரமாட்டாரு. இந்தப் பக்கமே வராதீங்கன்னு சொல்லி அனுப்பிச்சுட்டேன். இனிமே இந்த வீட்ல நான் மட்டுந்தான். தெரிஞ்சுக்க."

சொன்னதும் மனசு குளிர்ந்து போனது. ஒழிந்தான்! இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல இத்தனை நாள் ஏன் தயங்கினோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

சுபலட்சுமி சண்டை போடவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போய் வாசல் கதவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். திண்டுக்கல் ரோட்டில் ஏதாவது வண்டி நின்று கிளம்பினால் தலை நிமிரும். பிறகு குனிந்துகொள்ளும்.

விளக்கு வைக்கும் நேரம் வந்தது. அவர் வைத்த இட்லி காய்ந்தது. மாத்திரை அப்படியே கிடந்தது. தலையிலிருந்த பூவை அவளே பிய்த்து மடியில் போட்டுக்கொண்டாள். சத்தமே இல்லாமல் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளைத்துரை பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"நான் இருக்கேன்ல லட்சுமி. ஒரு வாய் சாப்பிடு."

ஆசையோடு அவள் கையைத் தொட்டார். அவள் உதறிய வேகத்தில் தட்டு எகிறி, இட்லி தரையில் உருண்டது.

"தொடாதீங்க. அவரு வந்துருவாரு."

வெள்ளைத்துரை ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கினார். ஜெயித்தவர் மாதிரியே இல்லை. சுவரைப் பிடித்து எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். அவர் போவதை அவள் கவனிக்கக்கூட இல்லை.

கீழ்வீட்டு இந்துப்ரியா கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அங்கிள், இன்னிக்குக் கச்சேரி இல்லையா? ஆன்ட்டி சத்தம் போட்ட மாதிரி இருந்துச்சு."

"இருக்கும்மா," என்றார் தலை குனிந்தபடி. தோற்றுப்போன குரல்.

வாசலில் நின்ற தன் ஸ்கூட்டரின் சீட்டைத் தூக்கி உள்ளே கையை விட்டார். அப்புறம் கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு படியேறினார். மேலே வந்து சேர்வதற்குள் மூச்சு வாங்கியது. கொஞ்சம் நின்று, மணியை அழுத்தினார்.

கதவு திறந்தது. சுபலட்சுமியின் பார்வை வெள்ளைத்துரையின் கழுத்தில் தொங்கிய கம்பிச் சட்டத்தில் விழுந்தது. அழுத முகம் அப்படியே மலர்ந்தது. அவருடைய இரண்டு கைகளையும் இறுகப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"யாரோ ஒரு கிழவன் இம்புட்டு நேரம் இங்கன இருந்தான். நீங்க இனி வரவே மாட்டீங்கன்னு எங்கிட்டயே பொய் சொல்றான்!"