பாத்ரூம் தாழ்ப்பாள்

கிறிஸ்துமஸ் கேக் வெட்டுமுன் குடும்ப ஜெபம். அதில் ஆளுக்கொரு நன்மைக்காக ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். "சின்னக் காரியமா இருந்தாலும் விட்டுரக் கூடாது" என்று ஆசீர் கண்களை மூடினான். மனைவி மேபல் புது கேஸ் அடுப்புக்காகச் சொன்னாள். அடுத்தது மகள் பியூலா.

"பாத்ரூம் தாழ்ப்பாளுக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே."

ஆசீருக்குச் சிரிப்பு முட்டியது. மேபல் மகளின் கையை அழுத்தினாள். இன்னும் சொல்லச் சொல்கிறாள் என்று பிள்ளை நினைத்துக்கொண்டது.

"அப்பா குடிச்சிட்டு வந்து கதவ இடிக்கும்போதெல்லாம் அது தொறக்கவே இல்ல. நானும் அம்மாவும் உள்ளதான் இருந்தோம். ஸ்தோத்திரம்."

ஆசீர் கண்களைத் திறந்தான். இருவரும் கண்மூடித் தலைகுனிந்து காத்திருந்தார்கள். ஆமென் சொல்லி முடிக்க வேண்டியவன் அவன்தான்.