நாலு ஏக்கர் சார்ஜ்

"மாமா, பேட்டரி தீர்ந்துபோச்சு. நாலு ஏக்கர்தான் முடிஞ்சுது. மீதி ஒரு ஏக்கரை கை ஸ்பிரேயர்ல அடிச்சுக்குங்க."

டிரோனை வரப்பில் இறக்கிவிட்டுச் சொன்னாள் பரிதி. மகளிர் குழுவுக்கு வந்த டிரோன். வலங்கைமானைச் சுற்றியிருக்கிற எட்டு ஊருக்கும் அவள்தான் ஓட்டுகிறாள். சம்பாப் பயிருக்கு இலை உரம் தெளிக்க வந்திருந்தாள்.

"அதுக்கென்னம்மா, சாமிதுரைகிட்ட சொல்லிக்கிறேன்" என்றார் இராஜாங்கம், வயலுக்குச் சொந்தக்காரர்.

பக்கத்தில் நின்ற அவர் மகள் செம்மொழிக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. ஓசூரில் பேட்டரி கம்பெனியில் என்ஜினீயர் அவள். லித்தியம் பேட்டரிகளைச் சோதித்துப் பார்த்து, தேறும் தேறாது என்று சொல்வதுதான் வேலையே. தீபாவளி லீவில் வந்திருந்தாள்.

"என்ன அண்ணி, அஞ்சு ஏக்கர்னு பேசிட்டு நாலோட நிறுத்துறீங்க?"

"சூடாயிடுது செம்மொழி. சூட்டோட சார்ஜ் போட்டா உப்பிக்கும்."

"காலைலேர்ந்து வெயிலே இல்ல. இந்த மேகமூட்டத்துல எப்படி அவ்வளவு சூடாகும்?"

பரிதி டிரோனின் இறக்கையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"பழைய செட்டு வேற. புதுசுக்குச் சொல்லியிருக்கு. செல்லெல்லாம் வெளிநாட்டுலேர்ந்து வரணுமாம். தட்டுப்பாடாம்."

"போன சம்பாவுலயும் இதையேதான் சொன்னீங்களாமே, அம்மா சொன்னாங்க."

"விடும்மா" என்று குறுக்கே வந்தார் இராஜாங்கம். "மிஷின்னா அப்படி இப்படித்தான் இருக்கும்." செல்போனை எடுத்துக்கொண்டு, சாமிதுரையைக் கூப்பிட நகர்ந்துபோனார்.

'அப்பா ஏமாளி' என்று நினைத்துக்கொண்டாள் செம்மொழி. பராமரிக்கத் தெரியாதவர்கள் கையில் கொடுத்தால் நல்ல பேட்டரிகூட நாசம்தான். குழு ஆபீசில் சொல்லி வேறு ஆளை மாற்றச் சொல்ல வேண்டும்.

பரிதி டேங்கைக் கழுவ வாய்க்காலுக்குப் போனதும், செம்மொழி நேராக அவள் டிரோனை ஏற்றிவந்த ஆட்டோவுக்குப் போய் பேட்டரிப் பெட்டியைத் திறந்தாள்.

உள்ளே ஐந்து ஜோடி. ஏக்கருக்கு ஒரு ஜோடி.

ஒவ்வொன்றாகப் பொத்தானை அழுத்திப் பார்த்தாள். நாலு ஜோடியில் ஒரே ஒரு விளக்கு எரிந்தது. ஐந்தாவது ஜோடி தொட்டால் சில்லென்று இருந்தது. உப்பலும் இல்லை, ஒன்றும் இல்லை. அழுத்தினாள்.

நாலு விளக்கும் பளிச்சென்று எரிந்தன. ஃபுல் சார்ஜ்.

செம்மொழி போட்டோ எடுத்தாள். நிமிர்ந்தபோது டேங்கைப் பிடித்தபடி எதிரே பரிதி நின்றிருந்தாள்.

"பேட்டரியில கோளாறே இல்லையே அண்ணி! இந்தப் போட்டோவைக் குழுவுக்கு அனுப்பட்டுமா?"

பரிதியின் முகம் வெளிறிவிட்டது. வாயைத் திறப்பதற்குள் வரப்பிலிருந்து ஒரு குரல்.

"என்ன பரிதி, இன்னைக்கும் உன் பறவை படுத்துடுச்சா?"

சாமிதுரை. அறுபது வயசிருக்கும். தலையில் துண்டு, முதுகில் ஸ்பிரேயர். சிரிப்பு காது வரைக்கும் இருந்தது.

"ஆமா மாமா. நீங்க வந்தாத்தான் வேலை முடியும்."

"அதான் பாத்தேன்! ஆயிரம் மிஷின் வந்தாலும் கடைசியில இந்தக் கைதான் வேணும். செம்மொழி, எப்பம்மா வந்தே? இரு, முடிச்சிட்டு வந்து பேசுறேன்" என்றவர், விறுவிறுவென்று வயலில் இறங்கினார்.

அவர் தூரம் போனதும் பரிதி டேங்கைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"முன்னாடி இந்தப் பக்கத்து வயல் அத்தனைக்கும் அவர்தான் அடிப்பாரு. நான் டிரோனைக் கத்துக்கிட்டு வந்ததும் ஒருத்தரும் கூப்பிடல. ஒரு சம்பா முழுக்க அந்த ஸ்பிரேயரைத் துடைச்சுத் துடைச்சு வச்சுக்கிட்டு வாசல்லயே உக்காந்திருந்தாரு. அவரைத் தாண்டித்தான் நான் தினமும் வேலைக்குப் போகணும். மனசு கேக்காம ஒருநாள் அரிசி கொண்டுபோய்க் கொடுத்தேன். 'நான் என்ன பிச்சையா கேட்டேன்'னு திருப்பி அனுப்பிட்டாரு."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதான், இந்தப் பக்கம் எந்த வயலுக்குப் போனாலும் ஒரு துண்டை விட்டுட்டு வர்றேன். விட்டதுக்குக் கூலி வாங்கறதில்ல. குழுவுக்குத் தெரிஞ்சா டிரோனை வாங்கிடுவாங்க. அது போனாக்கூடப் பரவாயில்ல, அவருக்குத் தெரிஞ்சா அந்த ஸ்பிரேயரையே தொட மாட்டாரு. அப்பாகிட்ட சொல்லிடாத, செம்மொழி."

செம்மொழி வயலைப் பார்த்தாள். சாமிதுரை ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே, ஒரு பயிர்கூட விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். 'தேறும்' என்று ஒரு நாளைக்கு எத்தனை பேட்டரிகளை அவள் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறாள்! அதெல்லாம் எங்கே போகிறது, யாருடைய வேலையைச் செய்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

போட்டோவை அழித்தாள்.

மத்தியானம் சாப்பாட்டில் உட்கார்ந்ததும் இராஜாங்கம் கேட்டார்.

"ஏம்மா, பரிதி பேட்டரிப் பெட்டியைத் திறந்து பாத்தே போலிருக்கே. என்ன சொல்லுது?"

செம்மொழிக்கு அப்பாவிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணி சொன்னது சரிதாம்ப்பா. பழைய செட்டுதான். நாலு ஏக்கருக்கு மேல தாங்காது."

இராஜாங்கம் அவளையே பார்த்தார். சாம்பாரை அவள் பக்கம் தள்ளி வைத்தார்.

"அந்தப் பேட்டரி அஞ்சு ஏக்கருக்குத் தாங்கும்னு எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும்மா. படிச்ச பொண்ணு, எங்க நீ உண்மையைச் சொல்லிடுவியோன்னுதான் காலைலேர்ந்து பயந்துக்கிட்டிருந்தேன்."