இரண்டாவது கோப்பை

ஒரு வாய் உறிஞ்சி, கண்ணை மூடி, நாக்கைச் சுழற்றினார் சுவை பார்க்கும் பெரியவர். "புதினா தூக்கலா இருக்கு. இந்த மூட்டை வேண்டாம்."

"நானும் அதேதான் சார் சொல்ல வந்தேன்" என்றாள் எதிரே இன்னொரு கோப்பையோடு உட்கார்ந்திருந்த உதவியாளர். மூட்டை திரும்பிப் போனது.

மூலிகைத் தேநீர்க் கம்பெனியில் அதுதான் சட்டம். ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு பிடி இலை, கொதிக்கக் கொதிக்க வெந்நீர், மூடி போட்டு ஐந்து நிமிடம், பிறகு வடிகட்டி இரண்டு கோப்பை. இருவரும் குடித்து ஒத்துக்கொண்டால்தான் மூட்டை வெளியே போகும். தப்பான இலை கலந்திருந்தால் வாசனைதான் காட்டிக்கொடுக்கும்.

பெரியவருக்கோ மூன்று மாதமாக வாசனையே கிடையாது. பாதிக் கம்பெனியைப் படுக்கப்போட்ட காய்ச்சல், போகும்போது அதையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. வெளியே சொன்னால் வேலை போய்விடும். இந்த வயதில் வேறு எவன் கொடுப்பான்?

ஆனாலும் மனுஷர் சமாளித்தார். கோப்பை விளிம்புக்கு மேலாக உதவியாளரின் முகத்தைப் பார்ப்பார். லேசாகச் சுளித்தால் 'வேண்டாம்', இல்லாவிட்டால் 'போகலாம்'. அவளும் குடிக்கும்போது கண்ணெடுக்காமல் அவரையேதான் பார்ப்பாள். மரியாதை தெரிந்த பெண்.

மூன்று மாதத்தில் ஒரு மூட்டைக்குக்கூட இருவருக்கும் கருத்து வேறுபாடு வரவில்லை. முதலாளி எல்லோரையும் கூட்டிவைத்துப் பாராட்டினார்.

அன்று மதியம்தான் வந்தது வினை. "அடுத்த நாப்பது மூட்டையும் ஆஸ்பத்திரிக்கு. நோயாளிங்க குடிக்கறது, பாத்துப் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் முதலாளி.

பெரியவர் அடுத்த கோப்பையைக் கையில் எடுத்தார். வேலை போனால் போகட்டும், படுத்துக் கிடப்பவர்கள் உயிரோடு விளையாடக் கூடாது. கோப்பையைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

"ஏம்மா, உங்கிட்ட மறைக்க விரும்பல. மூணு மாசமா எனக்கு ஒரு வாசனையும் தெரியல. உன் மூஞ்சியப் பாத்துதான் சொல்லிட்டிருந்தேன். இனிமே நீ குடிச்சுச் சொல்றதுதான் முடிவு. முதலாளிகிட்ட நானே போய்ச் சொல்லிடறேன்."

சொன்னதும் மனசு லேசாகிவிட்டது. நிமிர்ந்து பார்த்தார். உதவியாளரும் தன் கோப்பையைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டாள்.

"ஐயோ சார்... நான் உங்க மூஞ்சியப் பாத்துல்ல சொல்லிட்டிருந்தேன்!"