மாப்பிள்ளை வைத்த பொட்டு

வாகனங்களைச் சோதிக்கும் அதிகாரி மறுபடியும் வான் வண்டியைச் சுற்றி வந்தபோது, ரசிக்கிறார் என்றுதான் சுந்தரலிங்கம் நினைத்தார். ஹட்டன் கடைத்தெருவில் அந்த வானை நின்று பார்க்காதவர் யார்?

"எப்படிங்க சார்? எல்லாம் நம்ம மருமகன் டோஹாவுல இருந்து அனுப்புனது."

அதிகாரி சுண்ணக்கட்டியை எடுத்தார். முன்னால் வரிசையாக மாட்டியிருந்த மஞ்சள் விளக்குகளில் ஒரு கோடு. கூரைமேல் குந்தியிருந்த ஹோர்னில் ஒரு கோடு. பின்பக்கத்து இறக்கையில் ஒன்று. கடைசியாகக் குனிந்து, சைலன்சரில் ஒன்று.

"இதெல்லாம் கழட்டிட்டு வாங்க முதலாளி. சட்டப்படி பாவிக்க ஏலாது."

சுந்தரலிங்கம் மளிகைக் கடையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வாங்கிய வான் அது. மஸ்கெலியா பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கும் வேலை திங்கட்கிழமை தொடங்குகிறது. இன்று தகுதிச் சான்றிதழ் கிடைக்காவிட்டால் அந்த வேலை வேறு வானுக்குப் போய்விடும்.

பழைய பாகங்களை மாட்டிக்கொண்டு வரலாம் என்றால், அவை பழைய இரும்புக்காரனிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. "டோஹா சாமான் வந்த பெறகு இந்தக் கண்றாவி எதுக்கு?" என்று ஊர் கேட்கத் தூக்கிக் கொடுத்தவர் அவரேதான்.

மருமகன் மதுசூதனன் லேசுப்பட்ட ஆளா? டோஹாவில் வாகனப் பரிசோதனை நிலையத்தில் உத்தியோகம். 'அவரு கையைத் தாண்டாம ஒரு வண்டி ரோட்டுக்கு வராது' என்று சுந்தரலிங்கம் சொல்லாத கல்யாண வீடு இல்லை. கருமாதி வீட்டிலும் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

ஒவ்வொரு பெட்டி வரும்போதும் வீட்டில் விசேஷம்தான். சாமான் எதுவானாலும் அதன் ஓரத்தில் சிவப்புப் பெயின்டில் ஒரு பொட்டு இருக்கும். "பாத்தீங்களா, கும்புட்டுப் பொட்டு வச்சுத்தான் அனுப்பியிருக்காரு!" என்று மனைவி சிவகாமசுந்தரி கண் கலங்குவாள். தன் பங்குக்குப் பொட்டைச் சுற்றிச் சந்தனமும் பூசிவிடுவாள்.

அதிகாரி போட்ட சுண்ணக்கோடு இப்போது அந்தச் சந்தனத்தின் மேல்தான் ஏறிக் கிடந்தது.

"சார், டோஹாவுல பாஸான சாமான் சார் இது. இங்கத்திய விட அங்க கெடுபிடி."

"அங்க சட்டம் அங்க, முதலாளி. பனிக்குள்ள, வளைவுல, இந்த லைட்டைப் போட்டா எதிர்ல வாற பஸ்காரருக்குக் கண்ணு தெரியுமா? பிள்ளைகள்தானே ஏத்தப் போறீங்க?"

வரிசையில் பின்னால் நின்ற ஓட்டோக்கார வீரய்யா எட்டிப் பார்த்தார்.

"என்னா மொதலாளி, பொண்ணு அலங்காரத்தையெல்லாம் கழட்டச் சொல்லிட்டாங்களா?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். தூறல் வேறு பிடித்தது. சுந்தரலிங்கம் அதிகாரியின் முகத்தைப் பார்த்தார், வானைப் பார்த்தார், பார்க்க வேறு எதுவும் இல்லாமல் செல்போனை எடுத்தார்.

"ஒரு நிமிஷம் இருங்க சார். இந்த வேலையிலயே இருக்கிறவரு சொன்னா நம்புவீங்கதானே?"

வீடியோவில் மருமகன் வந்தார். எப்போதும்போல முகமும் சட்டைக் கழுத்தும் மட்டும். பின்னால் எங்கோ இரும்பு தடார் தடாரென்று விழுந்துகொண்டிருந்தது.

"மாமா, வேலையில இருக்கேங்க. பெறகு எடுக்கவா?"

"வேல நேரத்துலதான் மாப்ள நீங்க வேணும்! நீங்க பொட்டு வச்சு அனுப்புன சாமானையெல்லாம் கழட்டச் சொல்றாங்க. அதெல்லாம் பாஸான சாமான்னு ஒங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க."

"பொட்டா? என்னா பொட்டு?"

சுந்தரலிங்கம் செல்போனை மஞ்சள் விளக்கின் அருகே கொண்டுபோனார். சந்தனத்தை விரலால் துடைத்துச் சிவப்புப் பொட்டைக் காட்டினார்.

மருமகன் திரைக்கருகே முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார். பின்னால் இன்னொரு இரும்பு விழுந்தது.

"மாமா... பக்கத்துல யாரும் இருக்காங்களா?"

"இருக்காங்க, இருக்காங்க! ஸ்பீக்கர்லதான் போட்டிருக்கேன். நல்லா சத்தமா சொல்லுங்க!"

அதிகாரி குனிந்து காதைக் கொடுத்தார். வீரய்யா ஓட்டோவை விட்டு இறங்கியே வந்துவிட்டார்.

"சட்டத்துக்கு ஒத்துவராததுல ஆபீசர்மாரு வைக்கிற பொட்டு மாமா அது, கழட்டிப் போடுறது மட்டுந்தாங்க என் வேலை."