எண்பத்தேழாவது பாட்டு

ரிவர்ஸ்டன் மலையில் கூடாரமடிக்கப் போகையில் பாட்டுக்கு எதைக் கொண்டுபோவது என்று ஒரு கிழமையாக வீட்டில் சண்டை. றிஸ்கான் பெரிய புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று வாங்கினான். பாட்டை போனில் நெட்டிலிருந்து எடுக்கலாமாம். அவன் மனைவி ஜெஸ்லா, தானே பாடும் சின்ன எம்பி3 பிளேயர் ஒன்றை வாங்கி, எண்பத்தாறு பாட்டுகளை எண்ணி ஏற்றினாள்.

மலையில் நெட் இல்லை. ஸ்பீக்கர் வாய் திறக்கவில்லை. பிளேயர் மத்தியானம் முழுக்கப் பாடியது.

"நான் அப்பவே சொன்னேன் தானே! ஒங்கட ஸ்பீக்கர் கோப்ப வெக்கத்தான் சரி" என்ற ஜெஸ்லா, தேத்தண்ணிக் கோப்பையை அதன்மேலேயே வைத்தாள்.

மாலை ஆறு இருபதுக்குப் பாட்டு நின்றது. ஜெஸ்லாவின் கை தானாகத் தோளில் கிடந்த ஷோலை இழுத்து முக்காடு போட்டது. வீட்டில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டால் பாட்டை நிறுத்தி அப்படித்தான் செய்வாள். பிறகுதான் உறைத்தது: பிளேயரை யாரும் தொடவில்லை. பக்கத்தில் பள்ளிவாசலும் இல்லை, மூடுபனிதான்.

றிஸ்கான் மணியைப் பார்த்தான். "மஹ்ரிபு தொழுகை நேரம் சரி."

பிளேயரின் திரையில் 87 என்றிருந்தது. நாலு நிமிடம் ஓடியது, துளிச் சத்தமில்லை. பிறகு பழைய பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

எந்த வாக்குவாதத்திலும் விட்டுக்கொடுக்காத றிஸ்கான், "நீங்கதான் வென்டீங்க" என்றான்.

ஜெஸ்லா பிளேயரை அணைத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள்.

விடியப் போகும் நேரம், அணைத்துவைத்த பிளேயரின் திரை ஒளிர்ந்தது. 87. ஜெஸ்லா கணவனைத் தட்டினாள்.

"எழும்புங்க, சுபஹு தொழுகைக்கு நேரம். இதுக்கும் நெட்டு வாணாம்."