குறையே வராத சர்வர்

மண்பானை விற்கும் குட்டி வெப்சைட் ஒன்று, குடியிருக்க நல்ல சர்வரைத் தேடி அலைந்தது. பழைய சர்வர் அடிக்கடி படுத்துக்கொண்டதில் அதற்கு எதைக் கண்டாலும் பயம்.

"நீங்க பாதியிலே படுத்துட மாட்டீங்களே, அண்ணாச்சி?"

"என்கிட்ட நானூறு பேர் குடியிருக்காங்க. ஒருத்தர்கூட குறை சொன்னதில்லை" என்று மார்தட்டியது புதிய சர்வர்.

நம்பி உள்ளே போன குட்டி, எதற்கும் விசாரித்துவிடலாமே என்று பக்கத்து மிட்டாய்க்கடை வெப்சைட்டின் கதவைத் தட்டியது. பதிலே இல்லை. அடுத்தது தையற்கடை. அதன் முகம் வெள்ளைவெளேரென்று வெளிறியிருந்தது. கண் இருந்த இடத்தில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

குட்டி பதறித் திரும்பி ஓடிப் பார்த்தால், வந்த கதவு பூட்டியிருந்தது.

"ஏன் கிடந்து தவிக்கிறே?" என்றது சர்வர் வாஞ்சையாக. "முதல் நாள் எல்லாரும் இப்படித்தான். நாளைக்கு நீயும் குறை சொல்ல மாட்டே."